அழியாத காலடித் தடம்
(ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தபோது, கம்பியைத் தொடலாகாது என்று குழந்தைக்கு முதலில் சொல்லிக் கொடுத்தோம். பிறகுதான் விளக்கைப் போட அனுமதித்தோம். கிணறு வெட்டியபோது கைப்பிடிச் சுவரும் கட்டினோம். கைப்பேசி விஷயத்தில் மட்டும் இந்த முறைமை தவறிவிட்டது. 2020-ம் ஆண்டில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் தடைப்படலாகாது என்ற நல்லெண்ணத்தோடு பெற்றோர் அக்கருவியைக் குழந்தைகளிடம் கொடுத்தனர். பின்னர் பள்ளிகள் திறந்தன. ஆனால் கருவி பெற்றோர் கைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. ஆகவே, அன்று கட்டத் தவறிய கைப்பிடிச் சுவரை இன்று கட்ட வேண்டிய பொறுப்பு ஆசிரியர்களாகிய உங்களைச் சார்ந்ததாகும்.

சேற்று வயலில் நடந்தால் காலடி பதிகிறது; அடுத்த உழவில் அது மறைந்துவிடுகிறது. இணையத்தில் பதியும் தடம் அத்தகையதன்று. ஒரு மாணவன் தான் அனுப்பிய படத்தைத் தன் கைப்பேசியில் அழித்துவிட்டால் அது ஒழிந்தது என்று எண்ணுகிறான். அதற்குள் பெற்றவர் அதனைச் சேமித்திருக்கலாம், வேறொருவருக்கு அனுப்பியிருக்கலாம், திரையையே படமாகப் பிடித்து வைத்திருக்கலாம். சிம் அட்டை தந்தையின் பெயரில் இருப்பின், விசாரணை முதலில் தந்தையின் வாசலுக்கே வரும். இவ்வுண்மையைப் பல குழந்தைகள் அறியார். பல தந்தையரும் அறியார்.

தடம் என்றால் நாம் எழுதியதும் எடுத்த படமும் மட்டுமே என்று கருதுவது தவறு. பிறர் அனுப்பியதை நாம் மேலும் அனுப்பினால் அதுவும் நம் தடமே. இதற்கு நம் மாநிலமே பெரும் விலை கொடுத்திருக்கிறது. 2018-ம் ஆண்டில், குழந்தை கடத்துவோர் ஊர்தோறும் திரிகின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவிற்று. அவ்வாண்டு மே மாதத்தில், குலதெய்வத்தை வழிபடத் திருவண்ணாமலை மாவட்டத்திற்குச் சென்ற ஒரு குடும்பத்தினர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு மிட்டாய் கொடுத்தனர். கடத்தல்காரர் என ஐயுற்ற கூட்டம் அவர்களை அடித்தது. மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். பலர் கைது செய்யப்பட்டனர்.

அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய படக்காட்சி ஒன்றைப் பற்றியும் கூற வேண்டும். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதாக அது காட்டிற்று. உண்மையில் அது கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்த எடுக்கப்பட்ட விளம்பரப் படம். அதன் இறுதியில் அவ்விருவரும் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுகின்றனர். அந்த இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். நன்மை கருதி எடுத்த படம் நஞ்சாக மாறியது. வெட்டியவர் யாரென்று நாம் அறியோம். ஆனால் அதனைச் சுமந்து சென்றவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்களே. தம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணியே அவர்கள் அதனை அனுப்பினர்.

2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. ஐந்து என்பது சிறிய எண் என்று மாணவர்கள் நினைப்பார்கள். கணக்கு வகுப்பில் இதனைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவன் ஐவருக்கு அனுப்பி, ஒவ்வொருவரும் புதிதாக ஐவருக்கு அனுப்பினால், ஐந்தாம் சுற்றில் மட்டும் 3,125 பேருக்கு அது சென்றுவிடும். ஒரு ஊராட்சி முழுவதையும் அது எட்டிவிடக்கூடும். கரும்பலகையில் போடும் இந்த ஒரு கணக்கு, பல மணி நேரப் புத்திமதியைவிட மேலான பயனைத் தரும்.

அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை மாணவர்களிடம் உண்டாக்குங்கள். இது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? இதில் உள்ளவர் சம்மதித்தாரா? என் பெயரோடு இதனைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட எனக்குத் துணிவுண்டா? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையேல், அச்செய்தி அவனோடு நின்றுவிட வேண்டும்.

சட்டத்தையும் அவர்கள் அறிய வேண்டும். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதும், ஒருவருடைய அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவதும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாகும்.

எனினும், அச்சுறுத்தலே கல்வியாகிவிடலாகாது. தவறிப்போய்ப் படம் அனுப்பிவிட்ட சிறுமி, மிரட்டலுக்கு ஆளானபின், அடி விழும் என்றஞ்சி வீட்டில் மறைக்கிறாள். அவள் மறைக்கும் ஒவ்வொரு நாளும் மிரட்டுபவனுக்கே பலம். “என்னிடம் சொல், முதலில் உன்னைக் காப்போம், மற்றதைப் பிறகு பேசுவோம்” என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பாராயின், பாதித் தீமை அன்றே நீங்கும். குழந்தைகளின் உதவிக்கு 1098 என்ற எண்ணும், இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணும் உள்ளன. இவ்விரண்டையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்க் குழுவில் வந்த செய்தியை ஆராயாமல் அனுப்பும் தந்தையின் மகனுக்கு எந்த ஆசிரியரும் இதனைக் கற்பித்துவிட முடியாது. பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் விரல்களையே கூர்ந்து பார்க்கின்றனர். ஆகையால் இப்பாடத்தை இன்றிரவு நம் வீட்டிலிருந்தே தொடங்குவோமாக.