வேட்டை எழுத்தும் நாணமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



துப்பாக்கியைத் தொட்டறியாத என்னைப் போன்றோர்க்கும் குறிபார்த்தலைக் கற்பித்த ஆசிரியர்கள் உளர். லஸ் முனை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் இளமையில் நான் தேடி வாங்கிய வேட்டை நூல்களை எழுதிய ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் அத்தகையோர். கார்பெட்டின் குமாயுன் புலிக்கதைகளைத் தி.ஜ.ர. தமிழிலும் தந்துள்ளார்.

அவர்களிடம் கற்றது யாது? சிறுவன் கார்பெட்டுக்குக் கிடைத்தது, ஒரு குழல் பிளந்துபோன இரட்டைக்குழல் துப்பாக்கி. குழல்வாய் வழியே மருந்தும் ரவையும் கெட்டிக்க வேண்டிய வகை. ஒருமுறை தவறினால் உடனே மறுமுறை சுட இயலாது. ஆதலின் பார்த்தலே முதற்பாடம்; சுடுதல் பின்னதே.

1907ஆம் ஆண்டில், 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை அவர் எதிர்கொண்டார். கொண்டுசென்ற தோட்டாக்கள் மூன்றே. அவை தீர்ந்தபின், தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கிப் புலியின் திறந்த வாயைக் குறிவைத்தார். குண்டு பட்டதோ வலப்பாதத்தில். முன்னர்ப் பட்ட காயங்களாலேயே புலி மாண்டது. வாயில் பட்டதென எழுதியிருப்பின் தொலைவிலுள்ள வாசகர் எவர் மறுத்திருப்பார்? தவறிய குண்டை அவரே பதிவு செய்தார். அதனாலன்றோ அவருடைய ஏனைய சொற்களையும் நம்புகிறோம்!

புறநானூற்றின் 152ஆம் பாடலில், ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடுகிறார். இது நடக்கக்கூடியதா என வினவுவதினும், சொல்பவர் யார் என வினவுவதே தகும். பாடியவர் புலவர். வேட்டையாடிய ஓரியோ, தன் பெயர் பாட்டில் வரக்கேட்டு நாணினான். பிறரைப் பாடுவோர் மிகைபடப் பாடலாம். தன்னைத் தானே சொல்வோர்க்கு நாணமே அளவுகோல்.

இன்றைய கவிதை பெரிதும் தன்மையிடத்தில் எழுதப்படுகிறது. நம் துயரையும் துணிவையும் நாமே பாடுகிறோம். தவறிய குண்டையும் கணக்கில் சேர்க்கிறோமா? இம்மன்றத்துக் கவிஞர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் அவ்வேட்டை மரபு வழக்கொழிந்தது, ஒழிந்தது நன்றே. கார்பெட்டே பிற்காலத்தில் புலிகளைப் படம்பிடிக்கலானார். மயிலையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) படக்கருவியோடு காடு புகுந்து, கண்டதைக் கண்டவாறு எழுதினார். துப்பாக்கி நீங்கியும் அப்பார்வை நீங்கவில்லை. நம் கவிதைக்கு வேண்டுவதும் அப்பார்வையே.