உரிமம் கேட்டு வருவோரும் உரிமம் வழங்குவோரும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை அமைப்பதும் கிணறு வெட்டுவதும் பள்ளிக் கட்டடம் எழுப்புவதுமே கிராம வளர்ச்சி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவை கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி. அவற்றோடு எண்ண வேண்டிய வேறொரு வளர்ச்சியும் உண்டு. ஒரு காரியத்தின் பொருட்டு அலுவலகப் படியேறி வரும் குடிமகன் எத்தகைய மதிப்புடன் நடத்தப்படுகிறான், எத்தனை நாளில் தன் காரியம் முடிந்து வீடு திரும்புகிறான் என்பதே அது. இன்று நான் பேச எடுத்துக் கொண்ட பொருள் அதில் ஒரு பகுதி. லைசென்ஸ் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் உரிமத்தை வழங்கும் அலுவலகங்கள், மக்களுக்கு எந்த முறையில் பணியாற்ற வேண்டும் என்பதே அப்பொருள்.

உரிமம் எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். அது அரசாங்கம் காட்டும் சலுகை அன்று. அதிகாரி அளிக்கும் வரமும் அன்று. பிறருக்குத் தீங்கு நேராத வகையில் ஒரு தொழிலை நடத்துவதாகக் குடிமகன் உறுதி கூறுகிறான். அதனைச் சோதித்துப் பார்த்து அரசாங்கம் ஒப்புகிறது. அவ்வளவே. மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ சொத்துக்கோ கேடு விளைவிக்கக் கூடிய தொழில்களை உரிமமின்றி நடத்தலாகாது என்று விதிக்க, 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் வகை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே உரிமம் என்பது எங்கோ பட்டணத்தில் நடக்கும் விவகாரம் என்று நீங்கள் ஒதுங்கிவிட இயலாது. நீங்களும் அதில் பொறுப்புடையவர்களே.

இப்பொருளில் இரு தரப்பார் இருக்கிறார்கள். ஒருவர் விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக் கொண்டு அலுவலக வாயிலில் நிற்பவர். மற்றவர் அங்கே வராதவர். தாம் சம்பந்தப்பட்டிருப்பதையே அறியாதவர். அந்தக் கடைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தாய், அந்தக் கட்டடத்தில் படிக்கப் போகும் குழந்தை, அந்தக் கடையில் மருந்து வாங்கித் தெளிக்கும் கூலியாள் ஆகியோரே அவர்கள். முன்னவருக்கு விரைவும் மரியாதையும் கடமைப்பட்டிருக்கிறோம். பின்னவருக்குப் பாதுகாப்புக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனை மறுத்தல் நியாயமாகாது.

வாயிலில் நிற்பவரைப் பற்றி முதலில் பார்ப்போம். ஓர் எளிய பெண் தன் வீட்டுத் திண்ணையில் இட்டிலிக் கடை வைக்க விரும்புகிறாள் என்று கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வகுக்கப்பட்ட விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உணவுத் தொழிலுக்கு வெறும் பதிவு போதும் என்றன. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. விண்ணப்பம் வந்த 7 நாட்களுக்குள் பதிவு வழங்கவோ, காரணம் காட்டி மறுக்கவோ, பார்வையிட உத்தரவிடவோ வேண்டும். அவ்வாறு 7 நாட்களில் எதுவும் செய்யாவிட்டாலும், 30 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்காவிட்டாலும், அவள் தொழிலைத் தொடங்கலாம் என்றும் அவ்விதிகள் கூறின. அலுவலகத்தின் தாமதத்துக்காகக் குடிமகள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதே இதன் கருத்து.

ஆயினும் நடைமுறையில் நேர்வது என்ன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கான் என்று நம் பெரியவர்கள் சொன்னது இத்தகைய இடங்களுக்காகவே போலும். முதல் நாள் ஒரு நகல் இல்லை என்பார்கள். அதைக் கொண்டு வந்தால் ஒரு படம் இல்லை என்பார்கள். மூன்றாம் முறை வந்தால் எழுத்தர் விடுப்பில் இருப்பார். கூலி வேலை செய்பவருக்கு ஒரு முறை வருவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணமும் போயிற்று. நூறு ரூபாய்ப் பதிவுக்கு ஆயிரம் ரூபாய் இழந்தவர், அடுத்த முறை உரிமத்தின் பக்கமே திரும்ப மாட்டார். உரிமம் பெறாத கடையைப் பார்வையிடுவார் இல்லை. இவ்வாறு, மக்களை அலைக்கழிக்கும் அலுவலகம் பொதுமக்களின் பாதுகாப்பையும் தன் கையாலேயே குலைத்துவிடுகிறது.

இனி, வாயிலுக்கு வராதவரைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டு, கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்டது. அம்மாவினை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உணவுப் பொருளும் நஞ்சும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டதே அக்கேட்டிற்குக் காரணம். நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. பூச்சிமருந்துக் கடைக்கு உரிமம் வேண்டும், அவ்வுரிமத்தைப் பலரும் பார்க்கும்படி கடையில் மாட்ட வேண்டும், மருந்தை உணவுப் பொருளுடன் சேர்த்து வைக்கலாகாது, வாங்குவோருக்கு ரசீது தர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் எல்லாம் வெறும் காகித விதிகள் அல்ல. மாண்டவர்களின் பொருட்டு எழுதப்பட்டவை. மருந்துப் புட்டியின் மீதுள்ள நிறக் குறியும் அப்படியே. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை எல்லாவற்றினும் குறைந்தது. பச்சையும் நஞ்சே என்பதை உழவர்கள் மறத்தலாகாது.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளை நாம் எவரும் மறக்க மாட்டோம். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றி வகுப்பறைக்கு ஏறியது. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் நம் மாநிலத்தில் 1965ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. சட்டம் பிறந்து 39 ஆண்டுகள் கழித்து இத்துயரம் நேர்ந்தது. எனவே ஏட்டில் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. ஒருவர் நேரில் சென்று கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். பார்த்ததை உள்ளபடி எழுத வேண்டும்.

தீபாவளிக் காலத்துப் பட்டாசுக் கடைகளை எடுத்துக் கொள்ளுங்கள். தற்காலிகக் கடைகள் ஒன்றுக்கொன்று குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விட்டு அமைய வேண்டும் என்றும், வீடு முதலிய பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றும், எதிரெதிரே இருக்கலாகாது என்றும் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வகுத்தன. கொட்டகை எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆகியிருக்க வேண்டும். எண்ணெய் விளக்கும் திறந்த சுடரும் கூடா. இவற்றின் காரணம் எளியது. ஒரு கடையில் பற்றிய தீ எதிர்க் கடைக்குப் பாயலாகாது. கூட்டம் ஓடுவதற்கு வழி இருக்க வேண்டும். “நம் ஊர்ப் பையன்தானே, கொஞ்சம் விட்டுக் கொடுங்கள்” என்று உறுப்பினர் ஒருவர் பரிந்து பேசும்போது, அவர் விட்டுக் கொடுக்கச் சொல்வது அந்த மூன்று மீட்டரைத்தான். அது அவருடைய சொத்து அன்று. பட்டாசு வாங்க வரும் பிள்ளைகளின் உயிருக்கான இடைவெளி அது.

அப்படியாயின், விரைவாகக் கொடுத்தால் பாதுகாப்புக் குறையும் என்றும், பாதுகாப்பாகப் பார்த்தால் தாமதம் ஆகும் என்றும் சிலர் வாதிக்கலாம். இவ்வாதம் பொருந்தாது. ஒரு கொட்டகையைச் செவ்வையாகப் பார்வையிட அரை நாள் போதும். மாதக்கணக்கில் ஆவது பார்வையிடுவதனால் அன்று. கோப்பு மேசையில் உறங்குவதனாலேயே. கோப்பு உறங்கும் நாட்களில் எந்தச் சுவரும் உறுதிப்படுவதில்லை. எந்தக் கூரையும் தீக்குத் தப்புவதில்லை. மாறாக, விரைந்து சென்று பார்ப்பவர் குறையை விரைவில் காண்கிறார். அது விரைவில் திருத்தப்படுகிறது. ஆகவே இரண்டும் பகையல்ல.

நம் நாட்டில் இதற்கு வழிகாட்டிகள் உண்டு. 1997 மே மாதம் புதுடில்லியில் கூடிய முதலமைச்சர்கள் மாநாட்டிற்குப் பின், குடிமக்கள் சாசனம் என்னும் முறை பரவியது. இன்ன சேவை, இத்தனை நாளில், இன்ன கட்டணத்தில் என்று அலுவலகமே முன்கூட்டி வாக்களிப்பது அது. 2005இல், பொதுச் சேவை நிறுவனங்களின் பணித்தரத்துக்கென்றே இந்தியத் தர அமைப்பு ஒரு தனித் தரத்தை வெளியிட்டது. 2010இல் மத்தியப் பிரதேசம் ஒரு படி மேலே சென்று, குறித்த நாளில் சேவை தராத அலுவலருக்கு அபராதம் விதிக்கச் சட்டம் செய்தது. பிற மாநிலங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. உச்ச நீதிமன்றமும் 1993இல், லக்னோ வளர்ச்சி ஆணையம் பற்றிய வழக்கில், அதிகாரத்தைக் கொண்டு குடிமகனை அலைக்கழித்தல் பொறுக்கத்தக்கதன்று என்றும், அதற்குரிய இழப்பீட்டைப் பொறுப்பான அலுவலரிடமிருந்தே வசூலிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.

இவற்றையெல்லாம் சுருக்கி, ஊராட்சி அலுவலகம் முதல் மாவட்ட அலுவலகம் வரை கைக்கொள்ள வேண்டிய விதிகளாக ஆறு சொல்கிறேன்.

முதலாவது, பலகை. எந்த உரிமத்துக்கு எந்தத் தாள்கள், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், முடிவு செய்பவர் யார், மறுத்தால் மேல்முறையீடு யாரிடம் என்பன வாயிலில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒப்புகைச் சீட்டு. நாளும் வரிசை எண்ணும் இட்ட சீட்டு இல்லாமல் எந்த விண்ணப்பத்தையும் வாங்கலாகாது. நாள் குறிக்காத விண்ணப்பத்துக்குத் தாமதம் என்பதே இல்லையன்றோ!

மூன்றாவது, குறைகளை ஒரே தடவையில் சொல்லுதல். ஐந்து குறை இருந்தால் ஐந்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி அலைச்சல் ஒழியும்.

நான்காவது, பார்வையிடும் நாளை முன்னரே அறிவித்தல். எவற்றைப் பார்ப்போம் என்னும் பட்டியலையும் விண்ணப்பதாரரிடம் கொடுத்துவிட வேண்டும். கண்டதை எழுதி அவரிடம் ஒரு நகல் தர வேண்டும். உரிமம் வழங்கிய பின் முன்னறிவிப்பின்றியும் சென்று பார்க்க வேண்டும். நிபந்தனைகள் முதல் நாளுக்கு மட்டும் உரியவை அல்ல.

ஐந்தாவது, மறுப்புக்குக் காரணம். மறுக்க வேண்டிய இடத்தில் தயங்காமல் மறுக்க வேண்டும். ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எதைத் திருத்தினால் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். “இல்லை போ” என்பது பதிலாகாது.

ஆறாவது, மரியாதை. வந்தவர் உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க ஒருவர். இதற்குத் திட்ட ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. வயதில் மூத்தவரை ஒருமையில் அழைக்காதிருப்பதற்கும் செலவு இல்லை.

இடைத்தரகரைப் பற்றியும் ஒரு சொல். மேலே சொன்ன ஆறும் இருந்தால் தரகருக்கு வேலை இல்லை. எங்கே விதி தெரியவில்லையோ அங்கேதான் அவர் கடை விரிக்கிறார். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது, லஞ்சம் கொடுப்பதும் குற்றமாக்கப்பட்டது. ஆனால் வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்குக் காப்பு உண்டு. இதை உங்கள் ஊர் மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மக்களிடமும் ஒரு கருவி இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, தாம் வழங்கிய உரிமங்களின் விவரத்தையும் தம் பணிக்கு வகுத்த நெறிகளையும் அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும். வெளியிடாதவற்றை விண்ணப்பித்துப் பெறலாம்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்; உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய செய்தியாயின் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நம் ஊர்ப் பள்ளிக் கட்டடத்துக்கு உரிமம் உண்டா என்று கேட்பது பகைமை அன்று, பெற்றோரின் கடமை.

உறுப்பினர்களே, உங்களிடம் நான் கேட்பவை இரண்டு. அலைக்கழிக்கப்படும் ஏழைக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்து தாராளமாக வாதாடுங்கள். அது உங்கள் உரிமை. விதியைத் தளர்த்தும்படி மட்டும் பரிந்துரைக்க வராதீர்கள். ஊருக்குத் திரும்பியதும் ஒரு பலகை தயார் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில், வந்த விண்ணப்பங்கள், அவற்றின் நாள், முடிவு ஆகியவற்றை எழுதி, அடுத்த கிராம சபையில் ஊரார் முன் படியுங்கள். எந்த விண்ணப்பம் எத்தனை நாள் கிடந்தது என்பதை ஊரே கேட்கட்டும். அப்பொழுது எங்கள் மேசைகளும் விரைந்து அசையும். உங்கள் ஊர்க் கூரைகளின் கீழ் இருப்போரும் அச்சமின்றி உறங்குவர்.