கூரை இல்லாதவனுக்கும் காற்று வேண்டும்

(மும்பையில் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சட்டமன்றமும் சுற்றுச்சூழலும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீசைப் படித்த ஒரு தோழர் என்னைத் தெருவில் நிறுத்தி, "அண்ணாச்சி, இது பங்களாவில் குடியிருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு அல்லவா? வாடகைக்கும் ரேஷனுக்கும் ஓடுகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பதில் சொல்வதாகவே இன்றைய பேச்சை அமைத்துக்கொள்கிறேன்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதியை இங்கே உள்ளவர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு பெருகிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அன்று வெள்ளம் எல்லாருக்கும் பொதுவாகத்தான் வந்தது. ஆனால் எட்டாவது மாடியில் இருந்தவனுக்கு அது காட்சி. நாளா ஓரத்துக் குடிசையில் இருந்தவனுக்கு அது அரிசிப் பானை, ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் அத்தனையும் போன நாள். சுற்றுச்சூழல் கெட்டால் முதல் அடி யார் மேல் விழுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சாக்கடைகளை பிளாஸ்டிக் பைகள் அடைத்துக்கொண்டன என்று அப்போது எல்லாரும் பேசினார்கள். அடுத்த ஆண்டே, 2006இல், மக்காத குப்பையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று மகாராஷ்டிரத்தில் வந்தது. அந்தச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டுதான் 2018 மார்ச் 23 அன்று பிளாஸ்டிக் பைகளுக்கும் தெர்மாகோலுக்கும் மாநில அரசு தடை அறிவித்தது. ஆக, சட்டமன்றம் நினைத்தால் சட்டம் வருகிறது. அந்தச் சட்டம் யாருடைய கண்ணைக் கொண்டு பார்த்து எழுதப்படுகிறது என்பதே நம் கேள்வி.

2018 அறிவிப்பின் தண்டனையைப் பாருங்கள். முதல் முறை பிடிபட்டால் 5,000 ரூபாய், இரண்டாம் முறை 10,000, மூன்றாம் முறை 25,000 ரூபாயுடன் 3 மாதச் சிறை. இந்த 5,000 ரூபாய் பெரிய கடைக்காரருக்கு ஒரு மணி நேர வியாபாரம். இட்லிக் கூடையோடு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் நம் அம்மாவுக்கு அது ஒரு மாத வயிற்றுப்பாடு. பையைச் செய்தவனையும் பையில் சட்னி கட்டிக் கொடுத்தவளையும் ஒரே தராசில் நிறுத்துவது சமத்துவம் ஆகுமா? இன்னொரு பக்கம், இந்த நகரம் வீசி எறிகிற பிளாஸ்டிக்கைத் தாராவியில் பொறுக்கி, பிரித்து, கழுவி, உருக்கி மறுபடி பொருளாக்குகிற ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் இருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு உண்மையில் உழைக்கிறவர்கள் அவர்கள். நச்சுப் புகையை விழுங்குகிறவர்களும் அவர்களே. அவர்களுடைய கூலிக்கும் நெஞ்சுக்கும் பாதுகாப்பு எங்கே?

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தடை வேண்டும். ஆனால் சட்டம் எழுதப்பட்டபோது நம்மவர் யாராவது போய்ப் பேசியிருந்தால், அதன் வாசகமே வேறாக இருந்திருக்கலாம். நாம் போகவில்லை. போகாதவனின் குரல் சட்டத்தில் எப்படி ஏறும்?

மாநிலச் சட்டமன்றத்துக்கு இதில் என்ன அதிகாரம், எல்லாம் தில்லியில் அல்லவா என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொதுச் சுகாதாரம், நீர், விவசாயம் ஆகியவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. காடும் வனவிலங்கும் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. மின்சாரமும் பொதுப் பட்டியலில்தான். ஆனால் மின் நுகர்வின் மேல் வரி போடும் அதிகாரம் மாநிலத்தினுடையது. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது 1974இல். மகாராஷ்டிர சட்டமன்றம் அதற்கு 5 ஆண்டுகள் முந்தியே, 1969இல், தனக்கென ஒரு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. தில்லிக்கு முன்னால் இந்த மாநிலம் நடந்த காலமும் உண்டு. நம் தாய் மாநிலத்தில், 2003இல் கட்டட விதிகளைத் திருத்தி மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சென்னையில் வீட்டுக்கு வீடு குழாயும் குழியும் வந்தது அந்தச் சட்டத்தால்தான்.

அடுத்து மின்சாரத்துக்கு வருகிறேன். 'சுத்தமான மின்சாரம்' என்பது இன்று எல்லாக் கட்சிக்காரர்களின் வாயிலும் இருக்கிறது. இந்த நகரத்துக்கு அது புதிதல்ல. 1915இலேயே கோபோலியிலிருந்து மலை நீரில் பிறந்த மின்சாரம் பம்பாய் ஆலைகளுக்கு வந்தது. அதில் கரி இல்லை, புகை இல்லை. ஆனால் அதைத் தொடர்ந்து முல்ஷியில் அணை கட்ட வந்தபோது, 1921இல், நிலம் பறிபோன குடியானவர்கள் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாகிரகம் செய்தார்கள். அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். அணை கட்டப்பட்டது, நிலம் மூழ்கியது. விளக்கு எரிந்தது நகரத்தில், இருட்டு விழுந்தது அவர்கள் வீட்டில். புகை இல்லை என்பதனாலேயே ஒரு மின்சாரம் நியாயமான மின்சாரம் ஆகிவிடாது என்பதை 100 ஆண்டுகளுக்கு முன்பே முல்ஷி நமக்குச் சொல்லிவிட்டது.

இன்றைய நிலை என்ன? டிராம்பேயில் நிலக்கரி எரிகிறது. மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு. செம்பூரில் உர ஆலை. தேவ்னாரில் 1927 முதல் குவிந்த குப்பை மலை. 2016 ஜனவரியில் அந்த மலை பற்றி எரிந்து நகரமே புகையில் மூழ்கியது. மான்கூர்ட், கோவண்டி, செம்பூர் பக்கம் நம்மவர்கள் எத்தனை குடும்பம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் அந்தத் தேவ்னார் நிலத்தின் ஒரு பகுதியைத் தாராவி மறுசீரமைப்புக்காக மாநில அரசு ஒதுக்கியது. தாராவியிலேயே வீடு பெறத் தகுதி இல்லை என்று தள்ளப்படுகிறவர்கள் குப்பை மேட்டுக்குக் குடிபோக வேண்டியவர்களா? இது வீட்டுப் பிரச்சினையா, சுற்றுச்சூழல் பிரச்சினையா? இரண்டும் ஒன்றுதான் தோழர்களே.

சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு 2024 பிப்ரவரியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் தகடு. ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் மானியம் வாங்கச் சொந்தக் கூரை வேண்டும். சாலில் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஏது கூரை? ஜோபட்பட்டியில் தகரத்துக்கு மேல் தார்ப்பாய் போட்டவன் தகட்டை எங்கே நிறுத்துவான்? கூரை உள்ளவனுக்கு லைட் பில் குறைகிறது. கூரை இல்லாதவன் முழு பில்லையும் கட்டிக்கொண்டு அனல் மின் நிலையத்தின் புகையையும் சுவாசிக்கிறான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, மாநகராட்சிக் கட்டடம் இவற்றின் கூரைமேல் பொதுவாகத் தகடு அமைத்து, அதில் கூரையற்ற குடும்பங்களுக்குப் பங்கு கொடுத்து, அந்தப் பங்கின் யூனிட்டுகளை அவரவர் பில்லில் கழிக்கலாம். தில்லியின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே இதற்கு விதிமுறை வகுத்தது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 65ஆம் பிரிவின்படி, மாநில அரசு முன்பணம் கட்டி ஏழைகளுக்கு மானியம் தரலாம். 108ஆம் பிரிவின்படி, பொதுநலன் கருதி ஆணையத்துக்குக் கொள்கை வழிகாட்டுதல் கொடுக்கலாம். அதிகாரம் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

சட்டம் நிறைவேறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடவும் கூடாது. பிளாச்சிமடையை நினைத்துப் பாருங்கள். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர். 2000இல் அங்கே கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணறு வற்றுகிறது, நீர் கெடுகிறது என்று மக்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரல் 22 முதல் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண்மணி அந்தப் போராட்டத்தின் முகமாக நின்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. 2011 பிப்ரவரியில், இழப்பீட்டுக்கெனச் சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. பிறகு அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குத் தில்லி போயிற்று. ஏற்கெனவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இருக்கிறதே என்று ஆட்சேபம் எழுந்தது. ஆண்டுகள் ஓடின; ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007இலேயே மறைந்துவிட்டார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, மாநில உரிமை என்று நாம் மேடையில் பேசுவது வெறும் முழக்கம் அல்ல. ஓர் ஊரின் குடிநீர் அதில் அடங்கியிருக்கிறது. இரண்டு, மசோதாவின் வாசகத்தை மத்தியச் சட்டத்தோடு மோதாமல், மாநிலப் பட்டியலில் ஊன்றி எழுத வேண்டும். கோபம் மட்டும் போதாது, சட்ட அறிவும் வேண்டும். அதற்கு நம் பிள்ளைகளில் வழக்கறிஞர் ஆனவர்கள் முன்வர வேண்டும்.

நாம் என்ன கேட்கப் போகிறோம்? மூன்று கோரிக்கைகளைச் செயற்குழு முன் வைக்கிறேன்.

முதலாவது, ஆலையும் குப்பை மேடும் சூழ்ந்த குடியிருப்புகளில் காற்றின் நிலையை அன்றாடம் அளந்து, மராத்தியிலும் இந்தியிலும் அப்பகுதி மக்களின் மொழிகளிலும் அறிவிக்கச் சட்டக் கடமை வேண்டும். இரண்டாவது, பிளாஸ்டிக் சட்டத்தில் தண்டனையின் சுமையை உற்பத்தியாளர் மேல் ஏற்றி, பொறுக்குவோருக்கும் பிரிப்போருக்கும் அடையாள அட்டையும் மருத்துவப் பாதுகாப்பும் தரும் திருத்தம் வேண்டும். மூன்றாவது, கூரையற்ற குடும்பங்களுக்குச் சூரிய மின்சாரத்தில் பங்கு வேண்டும்.

எப்படிக் கேட்பது? நம் ஆம்தாரிடம் போக வேண்டும். மாலை போட அல்ல, மனு கொடுக்க. வினா எழுப்பச் சொல்லலாம். கவன ஈர்ப்புக் கொண்டுவரச் சொல்லலாம். தனி உறுப்பினர் மசோதா தாக்கல் செய்யச் சொல்லலாம். தனி உறுப்பினர் மசோதா சட்டமாவது அரிது என்பது உண்மை. நாடாளுமன்றத்திலேயே அப்படி 14 மசோதாக்கள்தாம் சட்டமாயின, கடைசியானது 1970இல். ஆனால் மசோதா அவையில் வைக்கப்பட்டு விவாதத்துக்கு வந்துவிட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பதிவேட்டில் ஏறும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏறலாம். குளிர்காலக் கூட்டத்தொடர் நாகபுரியில் நடக்கும். மற்றவை இங்கேயே விதான் பவனில். கூட்டத்தொடர் தொடங்கிய பின் ஓடுவதில் பயனில்லை. ஒரு மாதம் முன்பே மனு உறுப்பினர் கையில் இருக்க வேண்டும்.

மனு மராத்தியில் இருக்கட்டும். அதில் பக்கத்துச் சாலில் இருக்கும் மராத்தியரும், உத்தரப் பிரதேசத்தவரும், பீகாரியும் கையெழுத்துப் போடட்டும். 1960களில் தென்னிந்தியர் வெளியேற வேண்டும் என்று குரல் எழுந்த நகரம் இது. அந்த நாளின் அச்சம் இன்னும் நம் பெரியவர்கள் நெஞ்சில் இருக்கிறது. "வந்த இடத்தில் வம்பு எதற்கு" என்று ஒதுங்கியே பழகிவிட்டோம். ஆனால் ஓட்டுப் போடும்போது நாம் இந்த மாநிலத்துக் குடிமக்கள். லைட் பில் கட்டும்போதும் இந்த மாநிலத்துக் குடிமக்கள். காற்றைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் விருந்தாளிகள் ஆகிவிடுவோமா?

என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்ட அந்தத் தோழர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். தோழரே, பங்களாக்காரருக்குச் சுற்றுச்சூழல் கெட்டால் ஜன்னலை மூடிக்கொண்டு ஏ.சி. போட்டுக்கொள்வார். மூடுவதற்கு ஜன்னலே இல்லாதவர்கள் நாம். ஆகையால் இது அவருடைய பேச்சு அல்ல, நம்முடைய பேச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்கப் புறப்படுகிறோம். முதல் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.