பட்டாளத்தார் வீட்டுப் படிவங்கள்



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘எம். புதுப்பட்டி’ என்று போட்டிருக்கிறீர்கள். சிவகாசிப் பக்கம். எங்கள் சீமையில் புதுப்பட்டிகள் நிறைய. முன்னால் நிற்கும் எழுத்தை வைத்துத்தான் எந்தப் புதுப்பட்டி என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் பேச வந்தது இன்னொரு புதுப்பட்டிக்காரரைப் பற்றி. மதுரை மாவட்டம் டி. புதுப்பட்டி, ரைபிள்மேன் லட்சுமணன். 2022 ஆகஸ்ட் 11 அன்று ராஜௌரி மாவட்டம் பர்கல் ராணுவ முகாமுக்குள் புக வந்த தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிரை விட்டவர்.

இரண்டு நாள் கழித்து உடல் மதுரை விமான நிலையத்துக்கு வந்தது. அங்கே யார் அஞ்சலி செலுத்துவது, யாரை உள்ளே விடுவது என்று தகராறு. ஓர் அமைச்சரின் கார் மீது செருப்பு விழுந்தது. அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் ஓடியதெல்லாம் அந்தச் செருப்புதான். பெட்டிக்குள் இருந்தவர் எந்த ஊர், எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்க ஆளில்லை. நான் எந்தக் கட்சியையும் சொல்லவில்லை. துக்க வீட்டில் மாலைக்குச் சண்டை போடுவது எங்கள் ஊரில் பங்காளிகள்கூடச் செய்யாத காரியம்.

இப்படி உயிரை விடுகிறவர்கள் எங்கிருந்து போகிறார்கள் என்று பாருங்கள். 2016 பிப்ரவரி 3, சியாச்சின். ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் சோனம் காவல் நிலை. 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் முகாம் மீது பனிச்சுவர் சரிந்து பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டவர். மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டி கணேசன், தேனி மாவட்டம் குமணன்தொழு குமார், வேலூர்ப் பக்கம் ஏழுமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் ராமமூர்த்தி. 2019 பிப்ரவரி 14 புல்வாமாத் தாக்குதலில் தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டத்துச் சிவச்சந்திரன். 2020 ஜூன் 15 கல்வான் மோதலில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் பழனி. பிறகு அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் மழையை நம்பியிருக்கும் ஊர்கள். எங்கள் கரிசக்காட்டில் ஒரே வீட்டில் அக்கா பட்டாசு ஆலைக்கும் தம்பி பட்டாளத்துக்கும் போவது சாதாரணம். தேசபக்தி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். மாதாமாதம் தவறாமல் வரும் சம்பளமும் அதற்குச் சமமான காரணம். அதைச் சொல்வதால் அவர்கள் தியாகம் குறைந்துவிடாது.

பட்டாசு ஆலைக்குப் போனவர்களையும் பாருங்கள். 2023 அக்டோபர் 17 அன்று எங்கள் ஊரை அடுத்த ரெங்கபாளையத்தில் பட்டாசு வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு வான் நோக்கிச் சுடுவாரில்லை, கொடி போர்த்துவாரில்லை. இரண்டு சாவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு, வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸில் நிற்கிற வரிசை ஒன்றுதான்.

அந்த வரிசையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். போர் நடவடிக்கையில் இறந்தவரின் மனைவிக்கு அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு இணையான ஓய்வூதியம் உண்டு. சட்டம் தாராளமானது, சிக்கல் பெயரில் வரும். கல்யாணமானதும் பிள்ளை பிறந்ததும் ராணுவத்தின் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பதிவில் ஏற வேண்டும். அதில் மனைவி பெயர் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம். இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், ஒன்றில் விரிந்து அப்பா பெயராகவே நிற்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆவணமென்றால் வெலிங்டனுக்கு எழுத வேண்டும். ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையதளத்தில். அதை நடத்தும் அலுவலகம் பிரயாக்ராஜில். ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டி வளர்ந்த ஒரு பெண் இதையெல்லாம் இங்கிலீஷில் முடித்தாக வேண்டும்.

அக்னிவீரர் என்றால் இன்னும் கஷ்டம். சில ஆண்டுகளுக்கு மட்டும் ராணுவத்தில் ஆளெடுக்க 2022-இல் வந்த திட்டம். பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை என்று கணக்கு. குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ஒரே தடவையாக வரும் பெரிய தொகை, தாய்க்கும் மருமகளுக்கும் நடுவில் வந்து விழும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கிராமத்தில் பிறந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் பத்தாயிரமாக வந்தால் சண்டை குறையும் என்பது என் எண்ணம். தவறென்றால் சொல்லுங்கள்.

இந்த ஊரில், சிங்கப்பூரில், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான கிராஞ்சி நினைவிடம் இருக்கிறது. உடல் கிடைக்காத 24,000 பேருக்கு மேல் பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன. ஏராளமான இந்திய வீரர்களும் அதில் உண்டு. தங்கள் மதப்படி எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச்சின்னம், சுமார் 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். அதிகாரிக்குப் பெரிய எழுத்து, சிப்பாய்க்குச் சின்ன எழுத்து என்று கிடையாது. எஸ்பிளனேடில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னத்தைப் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்தார்கள். அந்த இடத்தில் 1995-இல் அடையாளக் கல் வைத்தார்கள். எதிரெதிர் பக்கம் நின்றவர்களுக்கு ஒரே ஊரில் இடம். குழந்தைகளோடு விலங்குக்காட்சிச் சாலைக்குப் போகிறவர்கள் ஒரு முறை கிராஞ்சிக்கும் போய் வாருங்கள்.

நம் ஊர்ப் பட்டாளத்தாருக்கு நம் சங்க விழா மலரில் ஒரு பக்கம் அஞ்சலி போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இன்னொன்று, உயிரிழந்த வீரர் ஒருவரின் மனைவியை வரவழைத்து மேடையில் பொன்னாடை போடலாம் என்று. பின்னதை வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். அந்தப் பெண்ணைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்திக் கண்ணீரைப் பார்த்துக் கைதட்டுவது நமக்குத்தான் திருப்தி. அதற்குப் பதில் நம்மால் முடிந்ததைச் செய்வோம். விசாவுக்கும் பி.ஆர். அட்டைக்கும் அப்பா பெயரும் நம் பெயரும் இடம் மாறி, திருத்தித் திருத்தி எழுதியவர்கள் நாம். படிவம் நிரப்புவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து, விருதுநகர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தோடு பேசி, கேட்கிற குடும்பத்துக்கு மட்டும் இந்தக் கடித வேலையைப் பார்த்துக் கொடுக்கலாம். வாரத்தில் ஒரு சாயங்காலம் போதும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு தொகையும் ஒதுக்கலாம். கொடி நாள் டிசம்பர் 7. 1949-இலிருந்து வசூல் நடக்கிறது. நம் பங்கை அந்தத் தேதிக்குள் அனுப்பிவிடலாம்.

பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைத்தால் நான் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன். பொருளாளர் இப்போதே என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை; எவ்வளவு தொகை என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொள்வோம்.