கலியாண நாளைக் காற்றிடம் கேளுங்கள்

 

கலியாணத்துக்கு நாள் குறிக்க வேண்டியது நாட்காட்டியைப் பார்த்தா, கடலைப் பார்த்தா? கடலைப் பார்த்துத்தான் என்று இந்த விவாதத்தில் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா, நல்ல மாதம் பார்ப்பது முன்னோர் தந்த முறை என்றார். கற்பிட்டியில் நமக்கு முன்னோர் யார்? வள்ளத்தில் போனவர்கள். காற்றைக் கேட்காமல் ஒரு காரியத்திலும் இறங்காதவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு, காற்றைக் கேட்காமல் கலியாணம் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கரையின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மே மாதம் சோளகம் என்னும் தென்மேல் காற்று பிடித்தால் செப்டம்பர், ஒக்டோபர் வரை மேல்கடல் கொந்தளிக்கும். கண்டக்குளியில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். ஒரு பகுதியினர் வலையையும் எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி, அதாவது கரையோரத் தற்காலிகக் குடில், போடப் போவார்கள். மிச்சப்பேர் களப்பில் கிடைக்கும் இறாலையும் நண்டையும் வைத்துக் காலம் தள்ளுவார்கள். ஆழக்கடல் நமக்குத் திறப்பது நவம்பரில். மூடுவது ஏப்ரல் கழிந்து. பத்தலங்குண்டுத் தீவில் வாடிகள் நிறைவதும் அந்த மாதங்களில்தான்.

இப்போது ஜூலையில் ஒரு கலியாணத்தை வைத்துப் பாருங்கள். பெண்ணின் வாப்பா கையில் காசு இல்லை. மீன் முதலாளியான சம்மாட்டியிடம் முற்பணம் கேட்கிறார். அடுத்த பருவத்து மீனை, அது வலையில் படுமுன்பே, சம்மாட்டி சொல்லும் விலைக்கு எழுதிக் கொடுக்கிறார். போதாததற்குப் பெண்ணின் உம்மாவுடைய காப்பு அடகுக்குப் போகிறது. மகளுக்கு நகை போட தாயின் நகை வங்கிக்குள் போகிறது! பெண்ணின் தமையன் கிழக்குக் கரை வாடியில் நிற்கிறான். இரண்டு நாள் தொழிலை விட்டு, பஸ் ஏறி வந்து, பந்தல்காலைப் பிடித்துவிட்டு மறுநாளே ஓடுகிறான். இதே கலியாணம் பெப்ரவரியில் நடந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. செலவு அதேதான், கடன்தான் இருக்காது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

நமது காற்றை வெளிநாட்டான் மதிக்கிறான். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் தண்ணீர்மேல் ஓட வருபவர்கள், காற்று வீசும் மாதங்களைப் பார்த்துத்தான் விமானச் சீட்டு எடுக்கிறார்கள். டொல்பின் பார்க்க வருபவர்கள் கடல் படுக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வருகிறார்கள். விடுமுறைக்கு வருபவனே பருவம் பார்க்கிறான். இங்கேயே பிறந்த நாம் பிள்ளையின் வாழ்க்கைக்குப் பார்க்க வேண்டாமா?

மாதத்தில் பீடை உண்டு என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷவ்வாலில் மணம் முடிப்பது ஆகாது என்று அறியாமைக் காலத்து அரபிகள் நினைத்தார்கள். அதே ஷவ்வாலில்தான் நபிகள் நாயகம் (ஸல்) தம்மை மணந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஸபர் மாதத்தைக் கண்டு நாம் பயப்படுவது ஏன்? அதுவுமன்றி, பிறைக் கணக்கு வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னுக்கு நகர்கிறது. ஏறக்குறைய 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. உங்கள் பாட்டனாருக்கு அமைதிக் கடலில் வந்த ரஜப், உங்களுக்குச் சோளகத்தில் வரலாம். மாதத்தின் பெயர் மாறவில்லை, கடல் மாறிவிட்டது.

வணக்கத்துக்குரிய காலங்களை மீறச் சொல்லவில்லை. நோன்பு மாதம் நோன்புக்கு, தவக்காலம் தவத்துக்கு. ஆடியில் உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, அதையொட்டித் தலவிலவில் அன்னம்மாள் திருவிழா. அந்த நாட்களில் வாகனம் பிடிக்கவே முடியாது. 2026இல் நோன்பும் தவக்காலமும் பெப்ரவரி நடுவில் ஒரே வாரத்தில் தொடங்கின. ஆகவே கடல் நல்லாயிருந்த அந்தப் பருவத்தில், தையிலும், பெருநாளும் உயிர்த்த ஞாயிறும் கழிந்த பிறகும்தான் இடம் இருந்தது. இதெல்லாம் ஒரு வருடம் முன்பே பார்த்து வைக்கக்கூடியவை. நவம்பர், டிசம்பரில் கடல் திறந்தாலும் மழை பந்தலை விடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் முடிவானபின் நாளைக் குறிக்க நிலவு போதும். நல்ல நிலவில் வலைக்கு மீன் படாது. ஆண்கள் கரையில் நிற்பார்கள். போயாவுக்கு முன்பின் வைத்தால் வீடு நிறைய ஆள். போயா அன்றே வைத்துவிடாதீர்கள், இறைச்சிக்கடை பூட்டியிருக்கும்.

கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளைக்கு லீவு ஓகஸ்டில்தான் என்றார் எதிரணித் தம்பி. லீவை முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம் தம்பி. சோளகத்துக்கு யாரிடம் விண்ணப்பம் கொடுப்பது?

மாப்பிள்ளை வீட்டாரே, நாளைச் சொல்வது பெரும்பாலும் நீங்கள்; செலவைச் சுமப்பது பெண் வீடு. நாள் பேசப் பாயில் உட்காரும்போது, எந்த நாள் நல்லது என்று கேட்குமுன், உங்களுக்கு எந்த மாதம் தோதுப்படும் என்று பெண்ணின் தகப்பனாரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் மாதத்துக்குச் சம்மதியுங்கள்.