படுக்கையைத் தேர்வது கையா, முதுகா?



திருமணச் சீர்வரிசைக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்கச் செல்லும் ஒரு குடும்பத்தைக் கடை வாயிலில் நின்று பார்த்தால், இந்நாட்டில் படுக்கை தேர்ந்தெடுக்கப்படும் முறை முழுவதும் விளங்கிவிடும். பெண்ணின் தந்தை விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கின்றார். தாய் மேலுறையின் பூவேலையைத் தடவிப் பார்க்கின்றார். உடன்வந்த சிற்றப்பா உள்ளங்கையை மெத்தையில் வைத்து இருமுறை அழுத்தி, “நல்ல மெத்தைதான்” என்று முடிவு கூறுகின்றார். விற்பவர், “பத்தாண்டு உறுதி” என்கின்றார். பணம் கைமாறுகின்றது. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் படுக்கப்போகின்ற மணமகளோ மணமகனோ ஒருமுறையேனும் அதில் படுத்துப் பார்ப்பதில்லை. பலர் பார்க்கக் கடையில் படுப்பது நாணத்தக்கது என்பது கருத்து. செருப்பு வாங்குகின்றவன் நான்கடி நடந்து பார்க்கின்றான். சட்டை வாங்குகின்றவன் தோளில் வைத்துப் பார்க்கின்றான். படுக்கை ஒன்றுதான் படுக்காமலேயே வாங்கப்படுகின்றது.

கைக்கு மெத்தென்று இருப்பது வேறு. முதுகுக்கு இசைவது வேறு. ஒருக்களித்துப் படுக்கின்றவனுடைய தோளும் இடுப்பெலும்பும் சிறிது அமிழ வேண்டும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதி தாங்கப்பட வேண்டும். அப்பொழுதுதான் முதுகெலும்பு வளையாமல் இருக்கும். மிக மெல்லிய மெத்தையில் இடுப்பு குழிந்து, உடல் தூளியில் கிடப்பதுபோல் வளைகின்றது. மிகக் கெட்டியானதிலோ இடைப்பகுதி தாங்கலின்றி நிற்க, தோள் நோகின்றது. முழு உடலின் எடை செய்வதை உள்ளங்கையின் ஓரழுத்தம் எவ்வாறு சொல்லும்?

இங்குப் பரவலாக வேரூன்றிய ஒரு நம்பிக்கையையும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். ‘கெட்டியான படுக்கையே முதுகுக்கு நல்லது’ என்பது அது. மருத்துவர் பலரும் நெடுங்காலம் அவ்வாறே அறிவுறுத்தி வந்தனர். கடைகளில் ‘ஆர்த்தோ’ என்று எழுதி ஒட்டப்பட்ட மெத்தைகள் இந்நம்பிக்கையின்மேல்தான் விற்கின்றன. அச்சொல் பெரும்பாலும் கெட்டியான மெத்தைக்கு வணிகர் இட்டுக்கொண்ட பெயரேயன்றி, எலும்பு மருத்துவர் ஆய்ந்தளித்த சான்றன்று. 2003-ஆம் ஆண்டில் ‘இலான்செட்டு’ என்னும் மருத்துவ இதழில் எசுப்பானிய நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாட்பட்ட இடுப்புவலி கொண்ட 313 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்குக் கெட்டியான மெத்தையும், மற்றவர்க்கு நடுத்தரக் கெட்டியுடைய மெத்தையும் அளித்து, 90 நாள் கழித்து உசாவினர். படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலி மிகுதியாகக் குறைந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்க்கே. ‘ஆர்த்தோ’ என்ற எழுத்துக்காக மிகுவிலை கொடுப்பவர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, வெப்பம். வாங்குவோரும் விற்போரும் பெரும்பாலும் எண்ணாத செய்தி இது. உறக்கம் வருமுன் உடலின் உள்வெப்பம் சிறிது தணிய வேண்டும். தோலின் வழியே அவ்வெப்பம் வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லையெனில் உறக்கம் வாராது, வந்தாலும் நிலையாது. கடையில் ‘போம்’ என்று விற்கப்படும் நுரைமெத்தையின் மூலப்பொருள் பாலியூரித்தேன். செருமானிய வேதியலறிஞர் ஒட்டோ பேயர் 1937-இல் அதனைக் கண்டறிந்தார். உடல் பதிந்த வடிவிலேயே மெல்ல அமிழும் நினைவு நுரை, 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவிற்காக உருவாக்கப்பட்டது. இரண்டும் காற்றை எளிதில் விடுவன அல்ல. உடலைச் சூழ்ந்து வெப்பத்தைப் பிடித்து வைப்பன. குளிர்நாட்டில் அது நலம். கோடை இரவில் மின்விசிறியும் நின்றுபோன சென்னையின் சிறிய அறையில் அதுவே துன்பம். வேர்த்து எழுந்து, மெத்தையை விட்டு வெறுந்தரையில் வந்து படுப்பவர் எத்தனை பேர்! பல்லாயிரம் உருவா கொடுத்து வாங்கியது கட்டிலில் கிடக்கின்றது. வாங்கியவர் தரையில் கிடக்கின்றார்.

இந்நிலத்தின் வெப்பத்திற்கு இசைந்த படுக்கைகளும் உள்ளன. பத்தமடையிலும் வந்தவாசியிலும் நெய்யப்படும் கோரைப்பாய்களை அறியாதவர் இலர். பொருநையாற்றங்கரைக் கோரையை வெட்டி உலர்த்தி, மெல்லியதாகக் கீறி, பல நாள் நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, பருத்தி நூற்பாவில் பத்தமடையார் நெய்கின்ற நேர்த்தியான பாய், துணிபோல் மடிவது. கோரை இழைகளுக்கு இடையே காற்று நுழையும், முதுகு வேகாது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலைச்சரிவுகளில் விளையும் இலவம்பஞ்சோ மற்றொரு வியப்பு. அதன் இழை உள்ளே புழையுடையது. மேலே மெழுகுபோன்ற பூச்சுடையது. ஆதலால் நீரை ஏற்காது, எடை இராது. முன்னாளில் கடலில் மிதக்கும் காப்புச் சட்டைகளிலும் அதனை அடைத்தனர். வழவழப்பினால் தனித்து நூலாக நூற்க வாராது. திணிப்பதற்கே பிறந்த பஞ்சு அது.

சொற்களும் இதற்குச் சான்று கூறும். மெத்தென்று இருப்பது மெத்தை. ஆங்கிலர் மெத்தைக்கு வழங்கும் ‘மேட்ரசு’ என்பதோ, கீழே எறிந்து விரிக்கும் இடம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து சென்றது. அவர்கள் ‘காட்’ என்பது இந்தியின் வழியாகப் பெற்றது. அதன் வேரைத் தமிழ்க் ‘கட்டில்’ என்பதனோடு சொல்லாய்வாளர் தொடர்புபடுத்துவர். நெடுநல்வாடை, யானை மருப்பால் கடைந்த கால்களையும் அன்னத்தூவி பரப்பிய அணையையும் உடைய பாண்டியன் அரண்மனைக் கட்டிலை விரித்துரைக்கின்றது. அத்தகைய கட்டிலில் இருந்தும் அரசி அமைதியின்றி வாடுகின்றாள் என்பது வேறு செய்தி.

அவ்வாறாயின் மக்கள் ஏன் பாயையும் இலவம் மெத்தையையும் கைவிட்டனர்? மடமையால் என்று கூறிவிடுதல் எளிது; அது நேர்மையன்று. முழங்கால் தேய்ந்த முதியவர்க்குத் தரையிலிருந்து எழுவது நாள்தோறும் ஒரு துன்பம். வெறும்பாய் நோயுற்ற இடுப்பைத் தாங்காது. இலவம்பஞ்சு நாளடைவில் அமுங்கிக் கட்டிபடும். அடிக்கடி வெயிலில் காயவைத்து, சில ஆண்டுகளுக்கொருமுறை பிரித்துக் கொட்டிவைத்தல் வேண்டும். அடுக்ககத்தில் மொட்டைமாடி யாருக்கு? வில்லும் கையுமாய்த் தெருவில் வந்த பஞ்சுகொட்டுபவரைக் காண்பதும் அரிதாகிவிட்டது. நுரைமெத்தை அவ்வுழைப்பை வேண்டாது, ஆதலின் வென்றது. ஆனால் நெகிழிப்பாய் கோரைப்பாயை வென்றதற்கு மலிவும் கழுவும் எளிமையும் அன்றி வேறு சிறப்பில்லை. வியர்த்த முதுகில் அது ஒட்டிக்கொள்வதை வாங்கியவர் அனைவரும் அறிவர்.

வீட்டினுள் ஒன்றையும் நோக்கல் வேண்டும். வாங்கிய ஒரே மெத்தையில் படுப்பவர் யார்? வீட்டுத் தலைவர், அல்லது வந்த விருந்தினர். எல்லார்க்கும் பின்னர் அடுக்களை விளக்கை அணைத்து, எல்லார்க்கும் முன்னர் எழுகின்றவள், கூடத்தின் ஓரத்தில் கிழிந்த பாயில் கிடக்கின்றாள். முழுவளர்ச்சி பெற்றவர்க்கு நாளும் ஏழு மணிநேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்கின்றனர் மருத்துவர். அவளுக்கு அஃது எத்துணை நாள் வாய்க்கின்றது? மெத்தை வாங்கப் போகும்போது அவளைக் கடைக்கு அழைத்துச் செல்பவரும், அவள் முதுகைக் கேட்பவரும் மிகச் சிலர்.

கடைக்குச் செல்பவர் நாணத்தை வாயிலிலேயே விட்டுவிட்டுச் செல்லட்டும். வழக்கமாகப் படுக்கும் நிலையில் பத்துப் பதினைந்து மணித்துளி படுத்துப் பார்க்கட்டும். இருவர் படுப்பதாயின் இருவரும் ஒருங்கே படுத்துப் பார்க்கட்டும். ஒருவர் புரண்டால் மற்றவர் அசைகின்றாரா என்பது அப்பொழுது தெரியும். நுரையாயின் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டல் வேண்டும். அடர்த்தி குறைந்தது விரைவில் குழிந்துபோகும். தென்னை நாரில் இரப்பர்ப்பால் தெளித்து இறுக்கிய நார்மெத்தை காற்று விடும், கெட்டியாகத் தாங்கும். அதன்மேல் மெல்லிய இலவம் மெத்தை ஒன்றை இட்டால், விலையுயர்ந்த மெத்தைகள் பலவற்றை அது வெல்லும். ‘பத்தாண்டு உறுதி’ என்பது பெரும்பாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் குழிந்தால் மாற்றித் தருவதற்கே. படுத்தவர்க்கு இசையவில்லை என்பதற்கன்று. உறுதிச்சீட்டை எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும். வலைவழி விற்கும் நிறுவனங்கள் சில, நூறு இரவு படுத்துப் பார்த்துத் திருப்பித்தர இசைகின்றன. அவ்வசதி உண்மையாயின், சிற்றப்பாவின் உள்ளங்கையைவிட அது நூறு மடங்கு நம்பத்தக்கது.

பத்தமடையில், மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தரும் வழக்கம் உண்டு. சீர்வரிசையில் கட்டிலோடும் மெத்தையோடும் அப்பாயும் போகின்றது. மணநாளன்று விரித்தபின் சுருட்டிப் பரணில் வைக்கப்படுகின்றது. கோடையில் அதனை இறக்கி, அந்த மெத்தையின்மேலேயே விரித்துப் படுக்கலாம். உறைத்துணியும் நுரையும் முதுகைச் சுடா.