நிலம் இல்லாட்டியும் கன்று வளர்க்கலாம்



வீட்டிலேயே கன்று உற்பத்தி செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் படித்தது பத்தாவதுதான். கையால் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நம்மில் பல பேருக்குச் சொந்த நிலம் கிடையாது. கன்று போட நிலம் வேண்டாம். பால் கவரும் கொஞ்சம் நிழலும் போதும். செம்மண், மணல், மக்கின சாணி எரு மூன்றும் சம அளவு கலக்கணும். கவருக்கு அடியில் ஓட்டை அவசியம். தண்ணி தேங்கினா வேர் அழுகிடும்.

முருங்கைக்கு, நல்லா காய்க்கிற மரமா பார்த்து, காய்ப்பு ஓய்ந்ததும் மணிக்கட்டு தடிமனில் 3 அடிப் போத்து வெட்டுங்க. நடுற இடத்திலேயே ஒரு அடி ஆழத்துக்கு நட்டு, மேல்வெட்டில் பச்சைச் சாணியை அப்பிட்டா காயாது. தாய்மரம் எப்படியோ அப்படியே காய்க்கும்.

செம்பருத்திக்குப் பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சி போதும். அடியைச் சாய்வா வெட்டி, 2 கணு மண்ணுக்குள் இருக்கிற மாதிரி நடணும். எது அடி, எது நுனி என்று பார்த்து நடுங்க.

மல்லிக்குப் பதியன்தான். தாழ்ந்த கிளையில் கணுவுக்குக் கீழே லேசா கீறி, மண்ணுக்குள் வளைத்துப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைங்க. ஈரம் குறையக் கூடாது. 3, 4 மாதத்தில் வேர் பிடிச்சதும் தாய்ச்செடியிலிருந்து அறுத்து எடுக்கலாம்.

கறிவேப்பிலைப் பழம் கருத்ததும், தோலை எடுத்துவிட்டு உடனே விதைக்கணும். விதையைக் காயப்போட்டு வைத்தால் முளைக்காது.

என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத மாதம், 40 மல்லிக் கன்று விற்ற காசில்தான் குழுக் கடன் தவணையைக் கட்டினேன். யாரிடமும் கைநீட்டவில்லை.

வெளியில் வாங்கும் கன்று என்ன ரகம் என்று காய்த்த பிறகுதான் தெரிகிறது. அதனால் ஒரு கோரிக்கை. வருகிற ஆடியில் உறுப்பினர் ஒவ்வொருவரும் 5 கன்று போடுவோம். நாலு நமக்கு, ஒன்று புதிதாகச் சேர்ந்த குழுவுக்கு. இதை இன்றைக்கே தீர்மானமாக எழுதணும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பதியன் போடத் தெரியாதவர்கள் என் வீட்டுக்கு வாங்க, சொல்லித் தர்றேன்.